தவிட்டுக்கு வாங்கிய சைக்கிள்

அந்த மாசி மாதம் என் சைக்கிளுக்கு வந்த கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது. ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். முதலாவது வேலிகாத்தான் முள். இரண்டாவது லாட ஆணி. மூன்றாவது ஒரு பல். ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும் தீனதயாளன் அதைக் குறடால் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனிதப் பல்லா ஆட்டுப் பல்லா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. நான் நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று விட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தவை இருந்தன.

பிறகு செயின் அறுந்தது. அதற்கும் பிறகு, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஒன்று சாலையோரமாக நின்றுகொண்டிருந்தது. சும்மா நின்ற டிராக்டர்மீது என் வண்டி தானாகப் போய் முட்டி, முன் ஃபோர்க்கை வளைத்துக்கொண்டது. டிராக்டர்காரன் இறங்கி வந்து என்னைத் திட்டவில்லை. "பெரியவரே, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டான். ஊர்பேர் தெரியாதவனுக்கே தெரிந்துவிட்டது.

என் பெயர் எல்லப்பன். திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லுங்கிக் கடையில் உட்காருகிறேன். லுங்கியைப் பிரித்துக் காட்டுவதற்கும் மடிப்பதற்கும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் வேலை பேசுவது. ஒரு லுங்கி வாங்க வந்தவன், என் பேச்சின் நடுவில் எழுந்து போகக் கூச்சப்பட்டு நான்காக எடுத்துக்கொண்டு போவான். வீடு பொதட்டூர்பேட்டை சாலையில், பஸ் நிற்காமல் போகிற ஓர் இடத்தில். போக வர அந்தக் கறுப்பு சைக்கிள்தான். ஆலைக்குப் போய்வந்த காலம் முழுக்கவும் அதே வண்டிதான்.

அந்த வண்டியில்தான் ஒரு காலத்தில் நான் மலைப்பாதையில், அடிவாரத்திலிருந்து கோயில் வரைக்கும், கால் ஊன்றாமல் மிதித்து ஏறினேன். கேரியரில் என் மனைவி வரலட்சுமி. அவள் மடியில் ஒரு பலாப்பழம். கடைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்வது உண்டு. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சுக்கு என்ன, யார் வேண்டுமானாலும் பேசலாம். வரலட்சுமியைக் கேட்டால், "பழம் நல்ல பழம்" என்று மட்டும் சொல்வாள்.

ஃபோர்க்கு வளைந்த அன்றைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தேன். வரலட்சுமி துடைப்பத்தோடு வந்து பார்த்தாள்.

"காயலான் கடையில தூக்கிப் போடுங்க. இது உங்கள எங்கனா கொண்டுபோய்த் தள்ளிட்டுதான் ஓயும்."

"புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னா காயலான் கடையிலயா போடுவாங்க?"

"இது புள்ளையா?"

"உன்ன கட்டிக்கிறதுக்கு முன்னாடியே என்கூட இருக்குதுடி."

"அப்ப புள்ள இல்ல. எனக்கு மூத்தா" என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கப் போனாள்.

ஆனால் நான் சொன்ன வார்த்தை எனக்கே பிடித்துப்போயிற்று. பிள்ளைக்கு அடிக்கடி உடம்புக்கு வந்தால் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள்? வேறு ஒருவர் கையில் அதைக் கொடுத்துவிடுவார்கள். அவர் அதைத் தன் பிள்ளை என்று வாங்கிக்கொள்வார். பெற்றவர்கள் அந்த இடத்திலேயே ஒரு படி தவிட்டைக் கொடுத்து, அதை விலைக்குத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். வெறும் தவிட்டுக்கு வந்த பிள்ளை என்று தெரிந்ததும் எமனுக்கு அதன்மீது இருக்கிற ஆசை போய்விடும். நல்ல வழக்கம். மருந்துக் கடைக்காரர்களுக்குத்தான் பிடிக்காது.

சைக்கிளை யார் கையில் கொடுப்பது? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வரலட்சுமியின் அண்ணன் பரந்தாமன் பாவா இருக்கிறார். மலையடிவாரத்தில் பஜ்ஜிக் கடை. அவரே சின்ன வயதில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை. பிறந்ததிலிருந்து இழுத்துக்கொண்டு கிடந்தவரை ஆர்.கே.பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் கொடுத்துத் திருப்பி வாங்கினார்களாம். அதற்குப் பிறகு மனிதருக்கு ஒரு தும்மல் வந்ததில்லை. தன் கடை பஜ்ஜியைத் தானே தினமும் தின்கிறார், இன்னும் நடமாடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு இப்படிப்பட்ட கைராசிதான் வேண்டும்.

மாசிக் கிருத்திகை அன்று காலை அடிவாரத்தில் ஏற்பாடு. ஃபோர்க்கைத் தற்காலிகமாக நெளிவெடுத்து, தவிட்டு மூட்டையைக் கேரியரில் வைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன். பிள்ளையை முறத்தில் கிடத்திக் கொடுப்பது வழக்கம். சைக்கிளை முறத்தில் கிடத்த முடியாது. முன் சக்கரத்தை மட்டும் ஏற்றி வைத்தோம். மலை ஏற வந்த கூட்டத்தில் பாதி நின்று வேடிக்கை பார்த்தது. பாவா கைலாகு கொடுத்து ஹேண்டில் பாரைப் பிடித்து, "இன்னியிலேர்ந்து இது எம்புள்ள" என்று மூன்று முறை சொன்னார். குரல் கணீரென்று இருந்தது. நான் தவிட்டை எடுக்கத் திரும்பினேன்.

கேரியர் காலியாக இருந்தது. அந்தக் கேரியரின் ஸ்பிரிங் பிடி சில மாதமாகவே தளர்ந்திருந்தது. மூட்டை வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

"தவுடு எங்க மாப்ள?"

"வழியில வுழுந்துடுச்சி பாவா."

"அப்ப புள்ள என்னுது."

"தோ, ஓடிப்போய் வாங்கினு வரேன்."

"எங்க வாங்குவ? கிருத்திகை அன்னிக்கி கடைத்தெருவுல தேங்கா கெடைக்கும், கற்பூரம் கெடைக்கும், மொட்டைக்குத் தடவ சந்தனம் கெடைக்கும். தவுடு கெடைக்குமா?"

கிடைக்கவில்லை. அரிசி ஆலை வரைக்கும் போய் நான் தவிட்டோடு திரும்பி வருவதற்குள் நட்சத்திரம் முடிந்துவிட்டது என்றார் பாவா. கிருத்திகையில் கொடுத்ததைக் கிருத்திகையில்தான் வாங்க வேண்டும் என்றார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அதுதான் நியாயம் என்றார்கள். அவர்கள் எல்லோர் கையிலும் பஜ்ஜி இருந்தது.

"சரி பாவா. பங்குனிக் கிருத்திகைக்கு வரேன்."

"வா. ஆனா ஒடம்பு தேறாத புள்ளைய நான் திருப்பிக் குடுக்க மாட்டேன்." பாவா கரண்டியால் மலையைக் காட்டினார். "நீதான் மலைமேல மிதிச்சி ஏறின ஆளாச்சே. ஊரெல்லாம் சொல்லிகினு திரியிறியே. கால் ஊனாம இதும்மேல ஏறி வா. மேல நின்னு தவுட வாங்கிக்கினு வண்டியக் குடுக்கிறேன். ஒரு கால் தரையில பட்டுதுன்னா, மஞ்ச பெயிண்டு."

"இன்னா மஞ்ச பெயிண்டு?"

"கடை வாசல்ல கம்பத்தோட சேத்து சங்கிலி போட்டு, மஞ்ச பெயிண்டு அடிச்சி, நடுவுல போர்டு. 'சூடான மிளகாய் பஜ்ஜி'. பைபாஸ்ல பெரிய ஹோட்டல்காரன்லாம் இப்ப அப்பிடித்தான் பழைய சைக்கிள நிக்க வச்சிருக்கான். பாக்க லட்சணமா இருக்கும்."

என் வண்டி. மழையிலும் கரும்புச் சேற்றிலும் என்னை ஒரு நாளும் வழியில் விடாத வண்டி. அது மஞ்சள் பூசிக்கொண்டு எண்ணெய்ப் புகையில் நின்று மிளகாய் பஜ்ஜி விற்பதை நினைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் என்னிடம் லுங்கி வாங்கியவர்கள் பலர் நின்றார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பலாப்பழமும் எடுத்துகினு வரணுமா பாவா?" என்று கேட்டேன்.

"பழம் வேணாம். தவுடு போதும்."

அது வரைக்கும் வைத்தியச் செலவு பெற்றவனுடையது என்றும் அங்கேயே பேசி முடித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வரலட்சுமி அதற்கு ஒரு பூட்டு போட்டாள். வீட்டுக் காசில் ஒரு ரூபாய் அந்த வண்டிக்குப் போகக் கூடாது. ஆக, வண்டி தன் வைத்தியத்துக்குத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தீனதயாளன் வண்டியைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றிவிட்டுப் பார்த்தான்.

"எல்லப்பண்ணே, உண்மையச் சொல்லுங்க. இந்த வண்டியிலயா ஏறினீங்க?"

"ஆங்."

"முன்னாடி பல் சக்கரம் பெருசு. பின்னாடி ப்ரீவீல் சின்னது. இது சமரோட்டுல பறக்கிறதுக்குப் பொறந்தது. மேட்டுல ஏறணும்னா தலைகீழா மாத்தணும். முன்னாடி சின்னது, பின்னாடி பெருசு."

"மாத்து."

"மாத்தினா காலு சுத்திகினே இருக்கும், வண்டி நவுராது."

"நவுருமா, நவுராதா?"

"கொஞ்சம் நவுரும்."

"அது போதும். மலை எங்கயும் போயிடாது."

அவனிடம் ஒரு குழந்தை சைக்கிளின் முன் பல் சக்கரம் கிடந்தது. மூட்டை ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியின் பெரிய ப்ரீவீல் ஒன்றும் இருந்தது. புது செயின் வேண்டும், ஃபோர்க்கை நிமிர்த்த வேண்டும், எல்லா பேரிங்கையும் கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்க வேண்டும், பின் டயர் மொட்டையாகிவிட்டது. அவன் சொல்லச் சொல்ல நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, மலை ஏறுவதற்குத் தேவைப்படாதவை என்னென்ன என்று பார்த்தேன். ஏராளமாக இருந்தன.

முதலில் டைனமோ. எங்கள் பக்கத்து வீட்டு ஜெபதாஸ் கேட்டார். சர்ச்சில் மணி அடிக்கிறவர், அளந்து பேசுகிறவர். "இந்த லைட்டுக்கு வழி தெரியும். ஹேண்டில் பாரை விட்டுட்டாலும் இது நேரா பொதட்டூர்பேட்டைக்குக் கூட்டினு போயிடும்" என்று எடுத்துச் சொன்னேன்.

"எங்கயும் போவேணாங்க. பெர்சிஸோட தையல் மெஷின் சக்கரத்துல மாட்டப் போறேன். கரண்டு போனா அது மிதிக்க மிதிக்க அதுவே வெளிச்சம் போட்டுக்கும்" என்றார். மாட்டியும் விட்டார். இப்போது அவர் மனைவி கோபமாகத் தைத்தால் தெருவுக்கே வெளிச்சம் வருகிறது.

செயின் கவரை வேடியப்பன் எடுத்துக்கொண்டான். விசைத்தறி வைத்திருக்கிறவன்; தறியின் எண்ணெய் துணியில் தெறிக்காமல் இருக்க மறைப்பாக வைத்தான். அந்தத் தறியில் நெய்த லுங்கியைக் கட்டிக்கொண்டு நடந்தால் கால் தானாக எட்டிப் போகிறது என்று கடையில் நானே சொல்லி விற்றிருக்கிறேன். யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

கேரியர் விஷயத்தில் நான் மறைக்கவில்லை. பூக்கட்டும் தேவயானியிடம், "இதும் பிடி சரியில்லம்மா, எதையும் புடிக்காது" என்றே சொன்னேன்.

"பூக்கூடைக்குப் புடி எதுக்கு தாத்தா? புடிச்சா நசுங்கிடும்" என்று அவள் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டாள். இத்தனை நாள் அந்தக் கேரியர் தனக்கு ஏற்ற வேலை கிடைக்காமல்தான் அப்படி நடந்துகொண்டது போலிருக்கிறது.

மட்கார்டு போயிற்று. ஸ்டாண்டு போயிற்று. பெல்லையும் கேட்டார்கள். அதை மட்டும் கொடுக்கவில்லை. ஏறி வருகிறவன் வருகிறான் என்று மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கடைசியில் பின் டயர் ஒன்றுதான் பாக்கி. விற்பதற்கு வண்டியில் எதுவும் மிஞ்சவில்லை. தீனதயாளன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"அண்ணே, இந்தக் கம்பி பிரேக்கு ரெண்டும் பழைய மாடல். இப்ப வர்றதில்ல. இதக் குடுத்தீங்கன்னா புது டயரே போட்டுத் தரேன். ஆனா பிரேக்கு இல்லாம..."

"ஏறுறவனுக்குப் பிரேக்கு எதுக்குடா? நிறுத்துறதுக்குத்தான் மலையே நிக்குதே."

அவன் ஸ்பேனரை எடுத்தான். பிரேக்கைக் கழற்றிவிட்டான். அதைப் பாவாவிடம் சொன்னது வரலட்சுமி. வரலட்சுமியிடம் சொன்னது தீனதயாளன். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வண்டி கடையில் கிடந்த வரை நான் வேலைக்குப் போகவில்லை. பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? வீட்டில் உட்கார்ந்து வரலட்சுமியிடம் பேசினேன். அவள் அரிசி களையும்போது ஆலையில் முதலை புகுந்த கதை. துணி துவைக்கும்போது எடைமேடையில் நிழலுக்கு எடை வந்த கதை. முதல் வாரம் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது வாரம் வானொலிப் பெட்டியைச் சத்தமாக வைத்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "வண்டி எப்ப ரெடியாவுது?" என்று கேட்டாள். அந்த வண்டியைப் பற்றி அவள் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி அது.

வண்டி வந்ததும் ரயில்வே மேம்பாலத்தில் பழகினேன். முதல் நாள் பாதியில் நின்று, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். மறுநாள் அதைவிடக் கொஞ்சம் மேலே போய் விழுந்தேன். முட்டி, முழங்கை, இடுப்பு என்று முறைவைத்து அடிபட்டன. என் வயதில் ஓர் இடத்தில் அடிபட்டால் வேறு ஐந்து இடத்தில் விசாரிக்க வருகிறது. ராத்திரி வரலட்சுமி நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, பழி தீர்க்கிற மாதிரி தேய்த்துவிட்டாள். காலையில் மறுபடியும் பாலத்துக்குப் போனேன். மஞ்சள் பெயிண்ட் கண்ணுக்குள் நின்றது. ஒரு நாள் விழாமல் பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டேன். அங்கே பிரேக் இல்லாத ஞாபகம் வந்து, இறங்கித் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

பங்குனிக் கிருத்திகை. விடியும்போதே அடிவாரத்தில் நின்றேன். நடுவராக ஜெபதாஸ் தன் மொபெட்டில் வந்திருந்தார். முருகனுக்கும் எனக்கும் பாவாவுக்கும் நடுவில் யார் பக்கமும் சாயாத ஆள் வேறு யார் கிடைப்பார்? பாவா முன்னாடியே மேலே போய்விட்டிருந்தார். வரலட்சுமி படி வழியாக ஏறப் போய்விட்டாள். கேரியர் இல்லாததால், தவிட்டை ஒரு பழைய லுங்கித் துண்டில் மூட்டையாகக் கட்டி, சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன்.

மிதித்தேன்.

தீனதயாளன் சொன்னது சரி. கால் காற்றாடி மாதிரி சுற்றியது. வண்டி மட்டும் யோசித்து யோசித்துப் போயிற்று. மொட்டையடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்த ஒரு குடும்பம் என்னை முந்தியது. குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. நான் கையை எடுக்க முடியாததால் பெல்லை அடித்துக் காட்டினேன்.

"ஜெபதாஸு, நான் போறனா, நிக்கிறனா?"

"போறீங்க. பாக்கிறதுக்குத்தான் நிக்கிற மாதிரி கீது."

முதல் வளைவு தாண்டியது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. இரண்டாவது வளைவில் அந்தக் குடும்பம் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. நான் அவர்களைத் தாண்டினேன். அவர்கள் கை கழுவி எழுந்து என்னை மறுபடியும் தாண்டினார்கள். மூச்சு தொண்டைக்கு வந்து, அங்கேயே குடியிருந்தது. காலை நான் சுற்றவில்லை. பெடல்தான் என் காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜெபதாஸ் என் செருப்பையே பார்த்தபடி வண்டி ஓட்டினார். ஒரு முறை பள்ளத்தில் விழப் போனார். அப்படி ஒரு நேர்மை.

கடைசி வளைவு. அங்கே ரோடு எழுந்து நிற்கும். பாதி வளைவில் வண்டி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், இன்னும் சாயவில்லை, ஆனால் போகவுமில்லை. இடது கால் தரைக்குப் போகலாமா என்று என்னைக் கேட்டது. கூடாது என்றேன். மேலே, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், மஞ்சள் பெயிண்ட் டப்பாவோடு பாவாவின் தலை தெரிந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் கட்டைவிரலில் வைத்துப் பெல்லை அடித்தேன். அது ஒன்றுதான் அப்போது என்னால் முடிந்தது.

மலைமேல் யாரோ நேர்ந்துவிட்ட காளை ஒன்று திரிகிறது. மணிச் சத்தம் கேட்டால் யாரோ தீனி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அதற்குப் பழக்கம். எங்கிருந்தோ வந்து, மோந்து, சீட்டுக்குப் பின்னால் தொங்கிய மூட்டையைக் கண்டுபிடித்து, வாயை வைத்து ஒரு முட்டு முட்டியது. வண்டி ஒரு கஜம் முன்னால் போயிற்று. மூட்டை விலகிப் போகவே காளைக்குக் கோபம். நெற்றியை வைத்து மறுபடி முட்டியது. நானும் விடாமல் மிதித்தேன். முட்டு, மிதி, முட்டு, மிதி. அப்படியே வளைவு முடிந்தது, மேடு முடிந்தது, பாவாவின் காலடியில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே, "தவுடு, பாவா" என்றேன்.

பாவா என்னைப் பார்க்காமல் ஜெபதாஸைப் பார்த்தார். "கால் பட்டுதா?"

ஜெபதாஸ் மொபெட்டை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "கால் படலீங்க."

"மாடு?"

"மாடு பட்டுச்சி. மாட்ட பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலியே."

கூட்டம் சிரித்தது. பாவா மூட்டையைக் கையில் எடுத்து அவிழ்த்தார். காளை அதன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. லுங்கித் துண்டில் பெரிய ஓட்டை. உதறினார். அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தவிடு விழுந்தது; அதிலும் பாதி எச்சில்.

"ஒரு படி பேச்சு" என்றார் பாவா. முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "இது ஒரு சிட்டிகை. வியாபாரம் முடியல மாப்ள. புள்ள என்னுது." பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப ஆரம்பித்தார்.

நான் திரும்பிக் கீழே போய்த் தவிடு கொண்டுவந்து மறுபடி ஏறுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நெஞ்சில் காற்று இல்லாததால் சொல் வரவில்லை. காலை மட்டும் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

அப்போதுதான் வரலட்சுமி படி ஏறி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாவாவின் உள்ளங்கையைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இந்த வண்டி போய்விட்டால் நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். முதலை கதைக்கு இன்னும் இரண்டாம் பாகம் இருக்கிறது என்பதும் தெரியும்.

"அண்ணே" என்றாள். அவ்வளவு கூட்டத்துக்கும் கேட்டது. "உன்ன எவ்ளோ தவுட்டுக்கு வாங்கினாங்கன்னு தெரியுமா?"

"அது எதுக்கு இப்ப?"

"ஒரு படி பேசித்தான் போனாங்க. வீட்டுல தவுடு இல்ல. தறிக்காரர் வீட்டு எருமைத் தொட்டியிலேர்ந்து ஒரு கைப்பிடி அள்ளி, அவங்க தவுட்டையே அவங்க கிட்ட குடுத்து உன்ன வாங்கினு வந்தாங்க. அம்மா சாவுற வரைக்கும் சொல்லி சிரிக்கும். ஈரத் தவுடு."

"வரலட்சுமி..."

"அளவு கொறஞ்சா புள்ள திரும்பாதுன்னா, நீ இன்னும் ஆர்.கே.பேட்டையில அவங்க புள்ள. இங்க எதுக்கு நிக்கிற? போயி எருமைக்குத் தண்ணி காட்டு."

கூட்டத்தில் யாரோ, "எச்சியாவது இருந்துச்சா அதுல?" என்று கேட்டார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பாவா பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். உள்ளங்கையிலிருந்த சிட்டிகைத் தவிட்டை மடியில் கொட்டிக்கொண்டு, ஹேண்டில் பாரை என் கையில் பிடித்துக் கொடுத்தார்.

"எடுத்துக்கோ. தவுட்டுக்குக் குடுத்துட்டேன். இனிமே இது ஒம்புள்ள."

நான் அப்போதுதான் காலைத் தரையில் வைத்தேன். தரை நன்றாக இருந்தது. வரலட்சுமி சாமி பார்க்கப் போய்விட்டாள். கூட்டமும் கலைந்தது. பாவா போகாமல் நின்றார்.

"எப்பிடி எறங்குவ?" என்றார்.

நான் கீழே பார்த்தேன். ஏறும்போது நிமிர்ந்து நின்ற ரோடு இப்போது அப்படியே வழுக்கிக்கொண்டு கிடந்தது. பாவா பஜ்ஜி மடிக்கிற செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். பிரித்தார். என் கம்பி பிரேக் இரண்டும், கூடவே தீனதயாளனின் ஸ்பேனரும் இருந்தன.

"மேல ஏறினவன் கீழ எறங்கணுமில்ல. என் தங்கச்சி பொட்டழிஞ்சி நின்னா நானில்ல சோறு போடணும்? அதான் அன்னிக்கே அவன்கிட்டேர்ந்து வாங்கி வச்சேன். சும்மா தர மாட்டேன்."

"தவுடு இல்ல பாவா."

"தவுடு பேச்சே எடுக்காத." அவர் தங்கை தூரத்தில் போய்விட்டாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த பலாப்பழக் கதை சொல்றியே."

"அது கதை இல்ல பாவா."

"சரி, நடந்தது. அதுல நானும் வண்டியில இருந்தேன்னு சொல்லு."

யோசித்தேன். கேரியரில் இடம் இல்லை. "முன் பார்ல உக்காருங்க" என்றேன்.

"ஆங். பழம் என் மடியில இருக்கட்டும். அவ மடியில வேணாம்."

"கனமான பழம் பாவா."

"தாங்குவேன்" என்று சொல்லிவிட்டு, அவரே மண்டியிட்டு உட்கார்ந்து பிரேக்கை மாட்ட ஆரம்பித்தார். நான் நட்டைப் பிடித்துக்கொண்டேன்.

பல் சக்கரத்தை மறுபடி மாற்றவில்லை. அதே கியரில்தான் கடைக்குப் போய்வருகிறேன். சமரோட்டில் நடக்கிறவர்கள்கூட என்னைத் தாண்டிப் போகிறார்கள். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பி, மாலையில் நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறேன். வரலட்சுமிக்கு இதில் மனவருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு பஞ்சர்கூட இல்லை.

கடையில் இப்போது பாவா முன் பாரில் உட்கார்ந்து வருகிறார், மடியில் பழத்தோடு. கேட்கிறவர்கள் நம்புகிறார்கள்; சிலர் பழம் எந்த ஊர்ப் பழம் என்று விசாரித்துக்கொண்டு போய் பாவாவிடமே கேட்கிறார்கள், அவரும் சொல்கிறார். காளை முட்டிய விஷயத்தை மட்டும் நான் கடையில் சொல்வதில்லை. யாரும் நம்பமாட்டார்கள். லுங்கி விற்க வேண்டுமே.